சென்னையில் ஒரு திருச்சபையைத் தேர்ந்துகொள்வது: சில ஞாயிறு ஆராதனைகளைக் குறித்த மதிப்புரை

தென் தமிழகத்தின் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் போன்ற ஊர்களில் பிறந்தவர்களுக்கு எந்தச் சபையில் சேர்வது என்ற கேள்வி எழுவதே இல்லை. வீட்டுக்கு எந்தக் கோயிலின் மணியோசை கேட்கிறதோ அந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுதிப்படுத்தும் சடங்கு) திருமணமும் அடக்கமும் நடக்கும். வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சென்னைக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி முதல்முறையாக எதிரில் வந்து நிற்கிறது. ஒரே சாலையில் மூன்று சபைகளின் பெயர்ப்பலகைகள் தென்படும் நகரத்தில், வீடு தேடுவதற்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பலர் இதற்குச் செலவழிப்பதில்லை. உறவினர் அழைத்த இடத்துக்குப் போகிறார்கள், அல்லது வாகனம் நிறுத்த வசதியுள்ள இடத்துக்குப் போகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பிள்ளைக்குத் திருமணம் பேசும்போதோ, வீட்டில் ஒரு மரணம் நேரும்போதோ, தாங்கள் எந்தச் சபைக்கும் உரியவர்களாக இல்லை என்பதைக் கண்டுகொள்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே, நகரத்தின் பல மரபுகளைச் சேர்ந்த ஆராதனைகளில் என் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தவற்றையும் விசாரித்து அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மரபில் வளர்ந்தவன், என் பார்வையில் அந்தப் பக்கச் சாய்வு இருப்பதை வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். சபையைத் தேர்ந்துகொள்பவர்கள் பெரும்பாலும் பிரசங்கத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதைவிட நிலையற்ற காரணம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும் குருமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுவார்கள். யாருடைய வார்த்தைக்காக நீங்கள் சேர்ந்தீர்களோ அவர் போய்விடுவார். போதகர் மாறாத தனிச் சபைகளில் வேறொரு சிக்கல் உண்டு: அங்கே பல வேளைகளில் அந்த ஒரு மனிதரே சபையாக இருக்கிறார். ஆகவே போதகர் போன பிறகும் எஞ்சி நிற்பது எது என்று பார்க்க வேண்டும். அந்தச் சபை ஜெபிக்கும் முறை, அது பாடும் பாட்டு, உறுப்பினரை அது ஏற்கும் விதம், பணத்துக்கு அது கணக்குச் சொல்லும் விதம் ஆகியவை எஞ்சி நிற்கும். இவற்றுள் முதலாவது எல்லாவற்றிலும் பெரியது. எழுதப்பட்ட ஜெபங்களைச் சபையாரோடு சேர்ந்து சொல்லும்போது மனம் ஒருமுகப்படுகிறவர் உண்டு. அதே ஜெபங்கள் வறண்டுபோனவையாகத் தோன்ற, தன் சொந்த வார்த்தைகளில் வாய்விட்டு அழுது ஜெபித்தால்தான் ஆறுதலடைகிறவரும் உண்டு. இரண்டு பேரில் யாரும் தாழ்ந்தவரல்லர். ஆனால் ஒருவர் மற்றவருடைய சபையில் போய்ச் சேர்ந்தால், சில மாதங்களுக்குள் ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சுமையாகிவிடும்.

தென்னிந்தியத் திருச்சபையிலிருந்து தொடங்குகிறேன். கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயம் 1816இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் ஆகிய நான்கு மரபுகளும் ஒன்றாகி, 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ. என்ற ஒரே சபையானதும் இந்த ஆலயத்தில்தான். ஆயர் ஆட்சியுள்ள சபையும் அது இல்லாத சபைகளும் மனமுவந்து ஒன்றுபட்டது உலகத் திருச்சபை வரலாற்றிலேயே முன்னோடியான செயல். இங்கே ஆங்கில ஆராதனையே முதன்மையானது. குழாய் ஆர்கனின் ஒலியும், பயிற்சி பெற்ற பாடகர் குழுவும், வெண்தூண்களுக்கிடையே உள்ள விசாலமும் ஒரு ஒழுங்கான அமைதியைத் தருகின்றன. கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பெரிய பேராலயம் எதற்கும் உரிய இயல்பின்படி, புதிதாக வருபவர் இங்கே யாருடைய கண்ணிலும் படாமல் நெடுங்காலம் வந்துபோக முடியும். தனிமையை நாடுபவருக்கு அது நன்மை. உறவை நாடுபவர் தாமாக முன்வந்து பாடகர் குழுவிலோ ஓய்வுநாள் பள்ளியிலோ ஊழியம் ஒன்றை ஏற்றுக்கொண்டால்தான் வேர் பிடிக்க முடியும்.

எழும்பூரில் உள்ள புனித அந்திரேயா ஆலயம், ‘கர்க்’ என்று எல்லோராலும் அழைக்கப்படுவது, ஸ்காட்லாந்துத் திருச்சபையாருக்காக 1821இல் கட்டி முடிக்கப்பட்டது. ஈரமண்ணில் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அஸ்திவாரமிட்டு எழுப்பிய வட்ட வடிவ ஆலயம் அது. பதினாறு தூண்கள் தாங்கும் மாடத்தின் உட்புறத்தில் நீல வானமும் நட்சத்திரங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. பார்க்க வருபவர்கள் அந்த மாடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்; வழிபட வருபவர் அந்த வட்டத்தின் பொருளைக் கவனிக்க வேண்டும். நீண்ட ஆலயத்தில் பின்வரிசை என்று ஒன்று இருக்கும், ஒதுங்கி உட்கார இடமிருக்கும். வட்ட ஆலயத்தில் சபை முழுவதும் பிரசங்க பீடத்தைச் சூழ்ந்து அமர்கிறது. வேத வசனம் கேட்பதே ஆராதனையின் மையம் என்ற பிரஸ்பிட்டேரியன் நம்பிக்கை அங்கே கட்டடமாகவே நிற்கிறது.

வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்று இங்கேதான் இருக்கிறது. சி.எஸ்.ஐ. என்ற ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே பழைய மரபுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வேப்பேரி புனித பவுல் ஆலயத்துக்கும், இராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்துக்கும், சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துக்கும் ஒரே பேராயர்தான் என்றாலும், முதலாவது ஆங்கிலிக்கன் மிஷனிலும், இரண்டாவது மெதடிஸ்ட் மிஷனிலும், மூன்றாவது அமெரிக்க மிஷனிலும் பிறந்தவை. திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிக்கன் ஒழுங்கில் வளர்ந்தவர், முழங்காலில் நின்று திருவிருந்து வாங்கிப் பழகியவர், வெள்ளை அங்கியும் பவனியும் இல்லாவிட்டால் ஆராதனை முழுமையாகவில்லை என்று உணர்பவர், முன்னாள் ஆங்கிலிக்கன் ஆலயங்களில் தன் ஊரைக் காண்பார். மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷன் மரபிலிருந்து வருபவருக்கு அதே ஆராதனை சற்றே சடங்குமிக்கதாகத் தோன்றலாம். ‘நான் சி.எஸ்.ஐ.தானே, எந்த ஆலயமானால் என்ன’ என்று எண்ணிச் சேர்ந்துவிட்டுப் பிறகு மனம் ஒட்டாமல் தவிப்பவர்களை நான் அறிவேன். அவர்கள் சபையை விட்டு விலக வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளியுள்ள இன்னொரு சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போய்ப் பார்த்தாலே போதும்.

தமிழ் ஆராதனையைத் தேடுபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இத்தகைய தமிழ்ச் சபைகளைத்தான். காரணம் பாட்டு. மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும், கர்நாடக ராகத்திலும் தாளத்திலும் பாடும் கீர்த்தனையும் ஒரே ஆராதனைக்குள் அடுத்தடுத்து வருவதும், சபையாரில் எழுபது வயதானவரும் பத்து வயதுச் சிறுவனும் புத்தகத்தைப் பாராமலே இரண்டையும் பாடுவதும் தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையின் தனிச்சொத்து. தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) பாளையங்கோட்டையில் வாழ்ந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் விட்டுச்சென்ற செல்வம் அது. திருவிருந்து ஆராதனையின் ஒழுங்கும் சிறப்பானது. 1950இலேயே சி.எஸ்.ஐ. வகுத்துக்கொண்ட அந்த முறையில், சிரியன் மரபிலிருந்து பெற்ற வழக்கப்படி, சபையார் ஒருவர் கைகளை மற்றவர் கைகளுக்குள் வைத்துச் சமாதானம் கூறிக்கொள்கிறார்கள்; பிற்காலத்தில் மேல்நாட்டுத் திருச்சபைகள் பலவும் சமாதானம் கூறுதலைத் தம் வழிபாட்டில் சேர்த்துக்கொண்டன. பெண்களைக் குருத்துவத்தில் ஏற்பதை விரும்பும் குடும்பங்களுக்கும் இது உகந்த சபை. 1976 முதல் இங்கே பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள்; 2013இல் நந்தியால் பேராயத்துக்குப் பெண் பேராயரே பொறுப்பேற்றார். குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சபைக் கமிட்டித் தேர்தலும் பேராயத் தேர்தலும் நெருங்கும் மாதங்களில், பகை பாராட்டும் அணிகளும் வழக்குகளும் ஆலய வளாகத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. புதியவர் அந்தச் சமயத்தில் மட்டும் வந்து பார்த்தால் மனம் உடைந்து திரும்பிவிடுவார்.

லுத்தரன் சபையைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது, ஆனால் மதிப்போடு சொல்ல வேண்டும். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதிலிருந்து தொடரும் மரபு இது. 1919இல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைந்தது. இதன் தலைமைப் பேராயர் திருச்சியில் இருந்தாலும் தரங்கம்பாடிப் பேராயர் என்றே இன்றும் அழைக்கப்படுகிறார். புரசைவாக்கத்தில் உள்ள அடைக்கலநாதர் ஆலயம் சென்னையில் இதன் முதன்மையான ஆலயம். 18ஆம் நூற்றாண்டில் வேப்பேரியில் ஊழியம் செய்த பப்ரிசியுஸ் ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்த ஞானப்பாட்டுகள் நிதானமான நடையில் இங்கே பாடப்படுகின்றன. பிள்ளைகளுக்கு, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் லூத்தரின் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்வித்து, அதன் பிறகே திடப்படுத்தல் கொடுக்கும் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. தான் எதை விசுவாசிக்கிறோம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லத் தெரிந்த இளைஞர்களை நான் அதிகம் சந்தித்தது லுத்தரன் குடும்பங்களில்தான்.

கத்தோலிக்கத் திருச்சபையில் தேர்வு என்ற கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது. சாந்தோம் பேராலயம், தோமா அப்போஸ்தலரின் கல்லறைமேல் எழுந்தது என்று போற்றப்படும் திருத்தலம். இப்போதுள்ள கோதிக் பாணிக் கட்டடம் 1896இல் முடிந்தது. 1956இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. லஸ் பிரகாச மாதா ஆலயம் போர்ச்சுகீசியர் காலத்து முதுமையோடு மயிலாப்பூரில் நிற்கிறது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29இல் கொடியேற்றித் தொடங்கும் திருவிழா செப்டம்பர் 8 வரை நடக்கும். காவி உடுத்துப் பாதயாத்திரையாக வருபவர்களில் கிறிஸ்தவரல்லாதாரும் ஏராளம். இந்தத் திருத்தலங்களின் பெருங்கூட்டத்தைப் பார்த்துக் கத்தோலிக்க வாழ்வை மதிப்பிடுவது சரியல்ல. அங்கே வருபவர்களில் பெரும்பகுதியினர் வேண்டுதலோடு வந்து திரும்பும் பயணிகள். கத்தோலிக்கர் ஒருவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பதை அவர் குடியிருக்கும் தெருவே தீர்மானிக்கிறது. திருச்சபைச் சட்டத்தின் ஒழுங்கு அது. செல்வரும் வீட்டுவேலை செய்பவரும், படித்தவரும் படிக்காதவரும் ஒரே பகுதியில் வசிப்பதால் ஒரே பங்கினராக ஒரே பலிபீடத்தின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. தமக்குப் பிடித்தவர்களோடு மட்டும் கூடும் சபைகளில் இந்த நன்மை கிடைப்பதில்லை.

திருப்பலியில் நான் கண்ட பெரிய நன்மை, அது குருவானவரின் திறமையைச் சார்ந்திராமை. மூன்று ஆண்டுச் சுழற்சியில் வேதபாகங்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கின்றன. மறையுரை அந்த வாசகங்களை ஒட்டியே அமைய வேண்டும். அது சிறியதாக இருந்தாலும் சாதாரணமாக இருந்தாலும் நற்கருணை குறைவுபடுவதில்லை. வேலைக்களைப்போடு வருபவரும், துக்கத்தில் வாய்திறந்து ஜெபிக்க முடியாதவரும் இங்கே வெறுமனே முழந்தாளிட்டு இருந்துவிட்டுப் போகலாம். அவருக்காகத் திருச்சபை ஜெபித்துக்கொண்டிருக்கும். தெருவளவில் குடும்பங்கள் கூடும் அன்பியங்கள் நன்றாக நடக்கும் பங்குகளில், நோயாளியின் வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது அந்த அன்பியத்தாரே. சீர்திருத்தத் திருச்சபையிலிருந்து திருமணத்தின் வழியாகக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குள் வருபவர்கள் சிலவற்றை முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். தகப்பன், குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் பெற்ற அவர்களுடைய ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை மதிக்கிறது, மறுபடி கொடுப்பதில்லை. ஆனால் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்படும்வரை நற்கருணை வாங்குவதற்கு அவர்களுக்கு அனுமதி இல்லை. கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஒருவர் மட்டும் எழுந்து போகும் அந்த நிமிடம் பல குடும்பங்களில் ஆறாத வருத்தமாக இருந்துவருகிறது. திருமணத்துக்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி எழுதும்போது நடுநிலை எனக்குக் கடினமாகவே இருக்கிறது. ஆனாலும் அவற்றின் வல்லமையை மறுப்பது பொய்யாகும். சைதாப்பேட்டை சின்னமலைப் பகுதியில் உள்ள நியூ லைப் அசெம்பிளி ஆப் காட் சபை, பாஸ்டர் டி. மோகன் 1970களில் தொடங்கியது, இன்று நாட்டின் மிகப்பெரிய சபைகளுள் ஒன்று. ஞாயிறு முழுவதும் ஆராதனைக்குப் பின் ஆராதனையாக நடக்கிறது. ஒரு கூட்டம் வெளியேறும்போதே அடுத்த கூட்டம் வாசலில் காத்திருக்கிறது. அவ்வளவு பேரையும் வழிநடத்தி அமர்த்தும் தன்னார்வலர்களின் ஒழுங்கு வியப்பைத் தருகிறது. இங்கே முதல் ஒரு மணி நேரம் பாட்டும் துதியும். கைகளை உயர்த்தி, கண்ணீரோடு, சிலர் அந்நிய பாஷையில் ஜெபிக்கிறார்கள். குடிப்பழக்கத்தில் அழிந்துகொண்டிருந்த கணவனை மீட்டுக் கொடுத்தது இப்படிப்பட்ட ஒரு சபைதான் என்று சாட்சி சொல்லும் பெண்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய வார்த்தையைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. மரபுச் சபைகள் எட்டிப்பார்க்காத தெருக்களுக்கும், கடனிலும் நோயிலும் அடிபட்ட வீடுகளுக்கும் பெந்தெகொஸ்தே ஊழியர்களே நடந்து போகிறார்கள்.

ஆனால் உள்ளே போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் இங்கே செல்லாது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் உறுப்பினராக முடியும். அப்படி எடுப்பதை சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகள் ஏற்பதில்லை. எனவே இது எளிதில் திரும்பிவரக்கூடிய அடி அல்ல. ஊரிலுள்ள பெற்றோருக்கு அது உண்டாக்கும் வலியும் சேர்த்தே யோசிக்கப்பட வேண்டியது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகக் கொடுப்பது இங்கே விசுவாசத்தின் அடையாளமாகப் போதிக்கப்படுகிறது. அதை மனமுவந்து கொடுப்பவர்களைக் குறித்து எனக்குக் குறையில்லை. காணிக்கைக்கும் நோய் தீர்வதற்கும் முடிச்சுப் போட்டுப் பிரசங்கிக்கும் இடங்களை விட்டு மட்டும், அது எவ்வளவு புகழ்பெற்ற ஊழியமாக இருந்தாலும், உடனே எழுந்து வந்துவிட வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு தனிச் சபையில், நோயுற்ற பிள்ளையை ஏந்தி வந்த தாயிடம் விசுவாசம் போதவில்லை என்று மேடையிலிருந்து சொல்லப்பட்டதை நான் கேட்டேன். அந்தச் சபையின் பாட்டும் இசையும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அங்கே என் பிள்ளைகளை உட்காரவைக்க எனக்குச் சம்மதமில்லை.

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன், இலங்கையில் தோன்றி உலகெங்கும் பரவிய இயக்கம். வெள்ளை உடை, நகையணியாமை, திருமணம் செய்துகொள்ளாமல் விசுவாச வீடுகளில் கூடி வாழும் ஊழியர்கள் என்று அதன் துறவுக்கோலம் நெஞ்சைத் தொடுகிறது. மேடையில் பணம் கேட்கும் பேச்சை நான் அங்கே கேட்டதில்லை. ஆயினும் மருந்தைத் தவிர்த்துத் தெய்வீக சுகத்தை நம்ப வேண்டும் என்ற அவர்களுடைய போதனை, வீட்டில் நீரிழிவோ வலிப்போ உள்ளவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இந்தக் காரணத்தால் அந்தச் சபையை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

அமைதியான வழியை விரும்புபவர்களுக்குச் சகோதர சபைகள் இருக்கின்றன. சம்பளம் வாங்கும் போதகர் இல்லை. மூப்பர்கள் கூடி நடத்துகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அப்பம் பிட்கும்போது, ஆண்களில் யாரேனும் எழுந்து ஒரு பாட்டைச் சொல்வார், இன்னொருவர் ஜெபிப்பார், இடையிடையே நீண்ட மௌனம் நிலவும். இதற்கு நெருக்கமான ஒழுங்கைக் கொண்டு, பக்த் சிங் 1941இல் சென்னையில் தொடங்கிய யெகோவா ஷம்மா கூட்டத்தாரிடம், ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்து இன்னும் நடக்கிறது. புதியவருக்கு அந்தப் பந்தியில் கிடைக்கும் உபசரிப்பு, திருநெல்வேலிச் சபைகளில் சபையார் கூடி உண்ணும் அசனப் பந்திக்கு ஈடானது. வேத அறிவில் இவர்களுக்கு நிகர் அரிது. பெண்கள் முக்காடிட்டு, கூட்டத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை ஏற்க இயலாத குடும்பத்தார் இங்கே நிலைக்க முடியாது. என் மகள் வேதபாடம் வாசித்து வளர்ந்தவள் என்பதால் எங்களுக்கு அது பொருந்தவில்லை.

எந்த மரபைத் தேர்ந்தாலும், தமிழ் மண்ணில் சபையைச் சோதித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு இடம் சாதி. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிப் பிரிவுக்காகவே இரண்டு கைகளாகப் பிரித்துக் கோயில் கட்டப்பட்டதும், அதன் தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டதும் நம்முடைய வரலாறு. சுவர்கள் போய்விட்டன, ஆனால் கல்லறைத் தோட்டத்தில் தனி இடம், கமிட்டியில் ஒரே சாதியாரின் ஆதிக்கம், திருமண விளம்பரத்தில் கிறிஸ்தவப் பெயருக்கு அடுத்ததாகவே சாதிப்பெயர் என்று அது வேறு உருவங்களில் வாழ்கிறது. இதைப் பிரசங்கத்தில் கேட்டு அறிய முடியாது. வேதபாடம் வாசிப்பவர்கள், காணிக்கைத் தட்டு ஏந்துபவர்கள், கமிட்டிப் பட்டியலில் இருப்பவர்கள், அசனத்தில் சமைப்பவர்கள், முதல் பந்தியில் உட்காருபவர்கள் யார் யார் என்று சில மாதங்கள் கவனித்தால் எல்லாம் விளங்கிவிடும். என்னிடம் ஒருவர், சேர்ந்த முதல் நாளிலேயே, ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று ஊரைக் கேட்பதுபோல் சாதியை விசாரித்தார். அந்தக் கேள்வி எழாத சபைகளும் இந்த நகரத்தில் உண்டு. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க எடுத்துக்கொள்ளும் உழைப்பு வீணாகாது.

பணத்தைப் பற்றிக் கேட்பது அவிசுவாசம் என்று நினைக்க வேண்டாம். மரபுச் சபைகளில் சந்தாவும் காணிக்கையும் பதிவேட்டில் ஏறி, ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட வேண்டும் என்ற விதியாவது இருக்கிறது. அது மீறப்படும்போது எழுந்து கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. ஒரு குடும்பத்தாரே அறக்கட்டளை உறுப்பினர்களாக இருந்து, தகப்பனுக்குப் பிறகு மகன் என்று பொறுப்பு இறங்கும் தனிச் சபைகளில் அந்த உரிமையே கிடையாது. தணிக்கை செய்த கணக்கு உறுப்பினருக்குக் காட்டப்படுமா என்ற ஒரே கேள்வியைப் பணிவோடு கேட்டுப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலைவிட, கேட்டவரை அவர்கள் அடுத்த வாரம் நடத்தும் விதமே அதிகம் சொல்லிவிடும்.

சட்டத்தோடு தொடர்புடைய இரண்டு காரியங்களும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எல்லாப் போதகர்களும் திருமணம் நடத்தி வைத்துவிட முடியாது. ஆயரால் குருப்பட்டம் பெற்றவர்கள் தம் சபை ஒழுங்குப்படி நடத்தலாம். தனிச் சபைப் போதகர்கள் அரசு உரிமம் பெற்றிருக்க வேண்டும். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் திருமணச் சான்று கேட்கப்படும்போது, உரிமமில்லாதவர் கையெழுத்திட்ட தாள் பயன்படாமல் போகும். அடுத்தது அடக்க இடம். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தத் திருச்சபையாருக்கும் பொதுவாக ஓர் அறக்கட்டளையின் மேற்பார்வையில் இருக்கிறது. அங்கே இடம் மிக நெருக்கடியானது. இறந்தவர் எந்தச் சபையின் உறுப்பினர் என்ற கடிதம் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒரு பெரிய தனிச் சபைக்கு உண்மையாக வந்துபோன முதியவர் ஒருவர் இறந்தபோது, அந்தச் சபைக்குக் கல்லறை இடம் இல்லாததால், அவருடைய பிள்ளைகள் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக அலைந்ததை நான் கூட நின்று பார்த்தேன். சேரும்போதே இதைக் கேட்டுவைப்பதில் அமங்கலம் எதுவும் இல்லை.

பிள்ளைகளுக்காக ஆங்கில ஆராதனையைத் தேர்வதா, தமிழ் ஆராதனையைத் தேர்வதா என்பது சென்னைக் குடும்பங்களைப் பிளக்கும் கேள்வி. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமத்தின் பழைய நடை கடினம் என்பது உண்மை. பெற்றோர் காலையில் தமிழ் ஆராதனைக்கும் பிள்ளைகள் பிறகு ஆங்கில ஆராதனைக்கும் போகும் ஏற்பாட்டைப் பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே குடும்பம் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவதை விட்டுக்கொடுப்பதைவிட, தமிழ் வாசிக்கப் பிள்ளைக்கு வீட்டில் கற்றுக்கொடுப்பதே மேல். இரவு ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனமாக வாசித்துவந்தால் ஓராண்டுக்குள் அந்தத் தடை நீங்கிவிடுகிறது.

நாங்கள் இறுதியில் சேர்ந்தது வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு தமிழ் சி.எஸ்.ஐ. ஆலயத்தில். அங்கே ஒலிபெருக்கி சரியில்லை, பிரசங்கம் பெரும்பாலும் நீளம், கமிட்டியில் பூசல் இல்லாமலும் இல்லை. ஆனால் கீர்த்தனையைச் சபை முழுவதும் பாடுகிறது. கணக்கு ஆண்டுதோறும் அச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராதவர் வீட்டுக்குப் பெண்கள் ஐக்கியத்தார் போய் விசாரிக்கிறார்கள். எழுதப்பட்ட ஜெபங்களில் மனம் ஊன்றும் குடும்பத்துக்கு இதை முழுமனத்தோடு பரிந்துரைப்பேன். உரத்த துதியிலேயே உயிர் பெறுகிறவர் எங்கள் ஆலயத்துக்கு வந்தால் ஏமாற்றமடைவார். அவர் சின்னமலைக்கே போகட்டும்.

சேரத் தீர்மானித்தவர் பழைய சபையின் போதகரை நேரில் பார்த்துச் சொல்லி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் ஆகியவற்றின் பதிவு விவரங்களோடு மாறுதல் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர்ச் சபைகளில் பாக்கிச் சந்தாவைக் கட்டினால்தான் கடிதம் கொடுப்பார்கள், கட்டிவிடுங்கள். கடிதத்தைப் புதிய சபையில் கொடுத்ததும், பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று ஒருமுறை போய்ப் பார்த்து, குடும்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.